ரத்மலானையில் பிடித்த கார்

முப்பத்திரண்டு வயதுவரை பேச்சியம்மா காரில் ஏறியதில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பத்து வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். தோட்டத்துத் துரையின் கார் வளைவில் உறுமுவது கேட்டால் கூடையோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி ஒதுங்கி நிற்பாள். காருக்கும் அவளுக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அவள் புருஷன் ஆண்டியப்பன் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தான். ஆறு வயதில் தாயோடு முசிறிப் பக்கமிருந்து வந்தவன். அதிர்ந்து பேசாதவன், குடிக்காதவன். பூரணி, வேலாயி என்று இரண்டு பெண்பிள்ளைகள். சிலோன் பிரஜாவுரிமைக்கு மனுப் போடச் சொன்ன காலத்தில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்து இக்னேசியஸ் மாஸ்டரைப் பிடித்து, தன் பெயரையும் அதற்குக் கீழே பெண்சாதி பிள்ளைகள் பெயரையும் எழுதி அனுப்பினான். மனு கிடைத்ததாக ஒரு துண்டு வந்தது. அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒன்றும் வரவில்லை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில், ஊருக்குத் திரும்பிப் போயிருந்த அவன் தாய் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. போய்த் திரும்புவதற்கு ஆண்டியப்பன் அனுமதி எடுத்தான். ஆறு மாதத் தவணை. தலைமன்னாரில் கப்பலேறிப் போனான். தாய் உடனே சாகவில்லை. ஆவணி வரைக்கும் இழுத்துக்கொண்டு கிடந்தாள். கருமாதி முடிந்த கையோடு அவனுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. எழுந்து நடமாடும்போது கார்த்திகை பிறந்துவிட்டது. கடல் கொந்தளித்து, தனுஷ்கோடியிலிருந்து கப்பல் விடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாவுக்குத் தந்தி வந்தது. இக்னேசியஸ் மாஸ்டர்தான் வாசித்தார்.

"செவ்வாக்கெழம திருச்சியிலருந்து பிளேன்ல வாறாராம். ரத்மலானையில எறங்குறாரு. கடுதாசியெல்லாம் எடுத்துக்கிட்டு ஒன்ன வரச் சொல்லியிருக்காரு."

"பிளேன்லயா? அதுக்கு ஏது மாஸ்டர் காசு?"

"பங்கு நெலத்த அண்ணங்கிட்டயே குடுத்துட்டாரு போல. செவ்வாக்கெழமதான் தவணைக்குக் கடைசி நாளு, பேச்சியம்மா. அன்னைக்குக் கால வச்சிட்டாப் போதும். நீ மனுத் துண்ட எடுத்துக்க. தொரகிட்ட ஒரு கடுதாசி வாங்கித் தாறேன்."

ஆண்டியப்பன் பதினெட்டு வருஷமாகத் தோட்டத்தில் வேலை செய்கிறான், அவன் வேலை அவனுக்காக இருக்கிறது என்று துரை நாலு வரி எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளை லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்த மீனம்மாவிடம் விட்டுவிட்டு, பேச்சியம்மா ஹட்டனில் மெயில் ரயிலேறினாள். செவ்வாய் காலையில், கேட்டுக் கேட்டு ரத்மலானை விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கு விமானம் வரவில்லை. திருச்சியில் மழையாம். நாளைக்கு வருமென்று கட்டடத்து வாசலில் நின்ற பியூன் சொன்னான். பேச்சியம்மா வெளிச்சுவரோரம் உட்கார்ந்தவள் பொழுது சாயும் மட்டும் எழவில்லை. செவ்வாய்க்கிழமை என்ற அந்த நாள் அவள் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துபோனது. இரவு ரயில் ஸ்டேசன் பெஞ்சில் கிடந்துவிட்டு, விடிந்ததும் மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு விமானம் இறங்கியது. கட்டடத்துக்குள்ளே நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மரத்தடுப்பும் அதையொட்டி ஒரு மேசையும் இருந்தன. மேசையில் கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர் காகிதங்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக இந்தப் பக்கம் விட்டார். சூட்டுப் போட்டவர்கள் வந்தார்கள். ஒரு செட்டியார் குடும்பம் வந்தது. கடைசியாக ஆண்டியப்பன் மேசை முன்னால் நின்றான். காய்ச்சலில் முடி கொட்டி, தோள் எலும்பு சட்டையில் துருத்திக்கொண்டு நின்றவனை அவள் முதலில் யாரோ என்றுதான் நினைத்தாள்.

உத்தியோகத்தர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவனை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார். தடுப்போரம் வந்து நின்ற பேச்சியம்மாவைக் கண்டு, "இவர் ஆர் உங்களுக்கு?" என்றார்.

"வீட்டுக்காரருங்க."

"இஞ்ச பாருங்கோ அம்மா. தவணை நேற்றோட முடிஞ்சு போச்சுது. இண்டைக்கு வந்திருக்கிறார். என்னால விடேலாது."

"பிளேன்தானுங்க நேத்து வரல. நான் நேத்து விடிஞ்சதுலருந்து இங்கதான் ஒக்காந்திருந்தேன். நீங்களே பாத்திருப்பீங்க."

"பாத்தனான்" என்றார் அவர். "பிளேன் வராததுக்கு அவரும் பொறுப்பில்லை, நானும் பொறுப்பில்லை. ஆனா இந்தக் கடதாசியில தேதி எழுதத்தான் இடம் இருக்கு. காரணம் எழுத இடமில்லை."

பேச்சியம்மா மனுத் துண்டையும் துரையின் கடிதத்தையும் மேசையில் வைத்தாள். அவர் வாசித்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"அதான் வந்துட்டாருங்களே" என்றாள் அவள். "இந்தா, இங்கதான ஒக்காந்திருக்காரு. இதுவும் சிலோன் மண்ணுதானுங்களே?"

அவர் மரத்தடுப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்தத் தடுப்புக்கு அங்கால இருக்குமட்டும் அவர் இன்னும் வரேல்லை அம்மா. அவர் இன்னும் இந்தியாவிலதான் நிக்கிறார் எண்டு கணக்கு."

பெஞ்சு அவளிடமிருந்து நாலு எட்டுத் தூரம் இருக்கும். ஆண்டியப்பன் தலையைத் தூக்கி, "புள்ளைங்க எங்க?" என்று கேட்டான். மீனம்மாவிடம் என்றாள். "சின்னவ என்னயத் தேடுறாளா?" என்றான். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

உத்தியோகத்தர் ஒரு தாளில் ஏதோ எழுதி அவளிடம் நீட்டினார். "டவுனில கோட்டையெண்ட இடத்தில அரசாங்கத்தின்ர பெரிய கந்தோர் இருக்கு. அங்க ஒரு பெரியவர் கையெழுத்து வைச்சுத் தந்தா நான் இவரை விடுவன். வந்த பிளேன் மூண்டு மணிக்குத் திரும்பிப் போகும். அதுக்கிடையில கொண்டு வரவேணும். பஸ்ஸில போனா ஏலாது, காரொண்டு பிடிச்சுக்கொண்டு போங்கோ."

வெளியே தென்னை மர நிழலில் வாடகைக்கு ஓடும் ஒரு கறுப்பு ஹில்மன் நின்றது. அல்விஸ் என்ற சிங்கள டிரைவர் பொனெட்டில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்தாரோடு பழகிய சிங்களத்தில் பேச்சியம்மா விஷயத்தைச் சொன்னாள். கோட்டைக்குப் போக, அங்கே காத்து நிற்க, திரும்பி வர, முப்பது ரூபாய் என்றான் அவன். அவள் மடியில் இருந்தது பதினொன்று.

"அது பெட்ரோலுக்கே காணாது, அக்கா. கார் என்னுடையதில்லை. முதலாளிக்கு நான் பதில் சொல்லவேண்டும்."

பேச்சியம்மா காதிலிருந்த இரண்டு தோட்டையும் கழற்றினாள். கல்யாணத்துக்கு அவள் தகப்பன் போட்டது. ஒன்று எளிதில் வந்தது. மற்றதன் திருகு இறுகிக் கிடந்ததை இழுத்ததில் காது கிழிந்து இரத்தம் வந்தது. அல்விஸ் அதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் வாங்கித் தன் கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டான். கதவை எப்படித் திறப்பதென்று தெரியாமல் அவள் நிற்க, அவனே திறந்துவிட்டான்.

கடலோரப் பெரிய ரோட்டில் கார் ஓடியது. இடது பக்கம் சந்துகளுக்கிடையில் கடல் வெட்டி வெட்டித் தெரிந்தது. அவள் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நுனியில் உட்கார்ந்திருந்தாள். பஸ் மறித்தால், மாட்டு வண்டி குறுக்கே வந்தால், அவள் கைதான் சீட்டை முன்னுக்குத் தள்ளியது.

கந்தோரில் ஒரு நீளப் பெஞ்சு. தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போன பியூன் திரும்பி வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். ஒரு மணிக்கும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வெளியே காத்திருந்த அல்விஸ் பொறுமை இழந்து படியேறி வந்தான். பியூனைத் தேடிப் பிடித்து, மூன்று மணிக்கு விமானம் போய்விடும், இந்த மனுசி நேற்றிலிருந்து தின்னாமல் கிடக்கிறாள் என்று சிங்களத்தில் சத்தம் போட்டான். அதற்குப் பிறகுதான் தாள் பெரியவரின் அறைக்குள் போனது. பேச்சியம்மாவை அறைக்குள் யாரும் கூப்பிடவே இல்லை. இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அரக்கு முத்திரை வைத்து ஒட்டிய ஒரு காக்கி உறை வெளியே வந்தது. விமான நிலையத்து ஐயா கையில் கொடு என்றான் பியூன்.

காரில் ஏறியதும் அல்விஸ் திரும்பிப் பார்த்தான். "எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். பிரித்துப் பார்ப்போமா?"

"வேண்டாம்" என்றாள் அவள். "முத்திரையை உடைத்தால் பொய்க் கடுதாசி என்று சொல்லிவிடுவார்கள்."

உறையை ரவிக்கைக்குள் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அல்விஸ் வழியில் நிறுத்தி ஒரு பணிஸ் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தான். அவள் சாப்பிட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக வாய் நிறையப் பேசவும் பேசினாள். மூத்தவள் நன்றாகப் படிக்கிறாள், இளையவளுக்கும் அப்பனைப் போலவே முன்கோபம் கிடையாது, துரை வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, மெலிந்துபோன மனுசனுக்கு இனிக் கஞ்சி வைத்துத் தேற்றவேண்டும் என்று தன் உடைந்த சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். அல்விஸ் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் ஆமோதித்துத் தலையை ஆட்டிக்கொண்டு வேகமாக ஓட்டினான். இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

உத்தியோகத்தர் உறையைக் கிழித்து வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அம்மா, இதில விடமாட்டம் எண்டுதான் எழுதிக் கிடக்கு."

"நல்லாப் பாருங்கய்யா."

அவர் விரலை வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னார். தவணை கடந்து வந்தபடியால் இந்த ஆளுக்கு அனுமதி இல்லை. வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பவும். இரண்டே வரி. கீழே கையெழுத்து.

பேச்சியம்மா அழவில்லை. அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் போகாமல் இருந்திருந்தாலும் அவனைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் திருப்பி அனுப்பச் சொல்லும் காகிதத்தைக் காதைக் கிழித்துக்கொண்டு, கார் பிடித்துப் போய், மாரோடு வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்து தானே கொடுத்திருக்கிறோமே என்பது அவள் நெஞ்சில் அன்றைக்கு இறங்கியது, பிறகு இறங்கினபடியே இருந்துவிட்டது.

ஆண்டியப்பன் பெஞ்சை விட்டு எழுந்து கையில் இருந்த துணி மூட்டையை நீட்டினான். உத்தியோகத்தர் அவிழ்த்துப் பார்த்தார். கருப்பட்டி, இரண்டு சீட்டிப் பாவாடைகள், தாயின் பித்தளைச் செம்பு. சரியென்று மூட்டையை மேசைமேலாக இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

"நானும் வந்துரவா?" என்று பேச்சியம்மா கேட்டாள்.

"அங்க என்ன இருக்கு, நீ வந்து? பங்கும் போச்சு" என்றான் அவன். "இங்க காம்பரா இருக்கு, ஒனக்கு வேல இருக்கு. புள்ளைங்களப் பாரு. நான் திரும்ப மனுப் போட்டு வந்துருவேன்."

கிழிந்த காதை அப்போதுதான் கவனித்தான். என்னவென்று கேட்பதற்குள் வெளியே எஞ்சின் சத்தம் எழுந்தது. ஒருவன் அவன் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் வெளியே வந்தபோது அல்விஸ் இன்னும் போகாமல் நின்றான். முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. கோட்டை ரயில் ஸ்டேசன் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது கைலேஞ்சியை அவிழ்த்து ஒரு தோட்டை மட்டும் அவள் கையில் வைத்தான்.

"இரண்டையும் தர எனக்கு வழியில்லை, அக்கா" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

ஆண்டியப்பன் இரண்டு தரம் மனுப் போட்டான். இரண்டும் திரும்பி வந்தன. ஐம்பத்தெட்டில் பிரஜாவுரிமை மனுவுக்குப் பதில் வந்தது. மனுதாரர் இந்த நாட்டில் வசிக்காதபடியால் தள்ளுபடி என்றிருந்தது. அவன் பெயர் அடிபட்டபோது அதன் கீழே எழுதியிருந்த பேச்சியம்மா, பூரணி, வேலாயி பெயர்களும் சேர்ந்து அடிபட்டன. மூன்று பேரும் அந்த மலையைத் தாண்டி வேறெங்கும் பிறக்காதவர்கள். இக்னேசியஸ் மாஸ்டர் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, தான் அன்றைக்கு வேறு மாதிரி எழுதியிருக்கலாமோ என்று ஒரு வாரம் புலம்பினார். எப்படி எழுதியிருந்தாலும் அப்படித்தான் என்று அவள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

அண்ணன் வீட்டில் இருக்க முடியாமல் ஆண்டியப்பன் தனுஷ்கோடிக்குப் போனான். கப்பல் துறையில் மூட்டை தூக்கினான். மாதம் ஒரு கடிதம் வரும். மலையகத்துப் பயணிகளைக் கண்டால் எந்தத் தோட்டம் என்று விசாரிக்கிறேன் என்று எழுதுவான். ஒருமுறை பூண்டுலோயாத் தோட்டத்துக்காரி ஒருத்தி கேட்டு விசாரித்துக் கல்லுமலைக்கே வந்தாள். தன் பெட்டியைத் தூக்கி வந்தவர் கூலி வாங்க மாட்டேனென்று விட்டார், இந்தச் சேலையை மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு பொட்டலத்தைத் தந்தாள். அறுபத்து மூன்றில் பூரணி அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தாள்.

அறுபத்து நாலு ஐப்பசியில் இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டன, இத்தனை லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. லயம் முழுக்க அதே பேச்சு. யாரை அனுப்புவார்கள், யாரை விடுவார்கள் என்று தெரியாமல் கிழவர்களெல்லாம் அழுதார்கள். பேச்சியம்மா மட்டும் அழவில்லை. விரும்பிப் போகிறவர்கள் யார் என்று தொழிற்சங்கத்தில் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

"என் பேரையும் சின்னவ பேரையும் எழுதிக்குங்க" என்றாள். "எறங்குற எடத்துலயே அவரு நிக்கிறாரு."

வாசலில் நின்ற மீனம்மா, அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று என்று சொன்னாள்.

மார்கழியில் புயல் அடித்தது. தனுஷ்கோடிக்குள் கடல் புகுந்துவிட்டதென்றும், ரயில் ஒன்று ஆட்களோடு அப்படியே போய்விட்டதென்றும் கடை ரேடியோவில் சொன்னார்கள். பேச்சியம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மாஸ்டர் பேப்பரை முழுக்கத் தேடினார்.

"தொறையில வேல செஞ்சவங்க பேரு ஏதாச்சும் போட்டிருக்கா?"

"பேரு ஒண்ணும் போடல, பேச்சியம்மா."

அன்றைக்கே மாஸ்டரை எழுதச் சொல்லிக் கடிதம் போட்டாள். தை போனது. மாசி நடுவில் அந்தக் கடிதமே உறை கசங்கித் திரும்பி வந்தது. மேலே குத்தியிருந்த முத்திரையை வாசிக்க மாஸ்டர் நேரம் எடுத்துக்கொண்டார். அந்த ஊரில் இப்போது தபால் கந்தோர் இல்லை, ஊரே இல்லை என்றார்.

பிணம் இல்லாமல் காரியம் செய்யலாமா என்று லயத்துப் பெரியவர்கள் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் செய்தார்கள். பூரணியின் புருஷன் கொள்ளிப் பானை உடைத்தான். தாலியைக் கழற்றும்போது பேச்சியம்மா, "அவரு போனது எத்தனாம் தேதியின்னு கணக்கு வச்சுக்கிறது?" என்று மாஸ்டரைக் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மஸ்கெலியாவுக்கு நடந்து தொழிற்சங்க ஆபீசுக்குப் போனாள். தலைவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். விரும்பிப் போகிறவர்கள் லிஸ்டிலிருந்து தங்கள் இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிடவேண்டும் என்றாள்.

"எடுக்கிறதுல ஒண்ணுமில்லம்மா" என்றார் தலைவர். "இது நாங்க எழுதி வச்ச லிஸ்டு. ஆனா கவர்மெண்டு யார அனுப்புறதுன்னு முடிவு பண்றப்ப இத வச்சுப் பண்ண மாட்டாங்க. பேரு இருந்தாலும் அனுப்புவாங்க, இல்லாட்டியும் அனுப்புவாங்க."

"பரவால்லீங்க. அடிச்சுருங்க."

அவர் கொப்பியைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்துப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பேச்சியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. குனிந்து, கோடு இரண்டு பெயர்மேலும் முழுதாகப் போயிருக்கிறதா என்று பார்த்தாள். "சின்னவ பேரு மேல பாதிதான் போயிருக்குங்க" என்றாள். தலைவர் மறுபடி பேனாவை எடுத்து அதையும் சரியாக அடித்துக் கொடுத்தார்.